பெயரும் எண்ணும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேடும் கையுமாக வகுப்பறைகளில் நின்றவன் நான். ஆசிரியர் "முருகன்" என்று அழைப்பார். "உள்ளேன், ஐயா" என்று ஒரு குரல் எழும். உடனே அடுத்த பெயருக்குச் செல்வார். இதைவிட எளிய செயல் வேறொன்று இல்லை என்றே தோன்றும். ஆயினும் இந்த எளிய செயலைக் கொண்டே இன்று கணினி வலையமைப்பின் நுட்பம் ஒன்றை உங்களுக்கு விளக்க எண்ணுகின்றேன். ஒரு கணினியைப் பெயர் சொல்லி அழைத்தால் அது எவ்வாறு கண்டுபிடிக்கப்படுகின்றது? ஒரு கட்டடத்தில் அழைத்தால் மறுமொழி தரும் கணினி, எதிர்க் கட்டடத்திலிருந்து அழைத்தால் ஏன் வாய்திறப்பதில்லை? அக்குறையை எம்முறையில் ஆராய்ந்து களைவது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. ஒரு பிழை செய்து கற்றேன். அப்பிழையை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு பள்ளியின் நிர்வாகத்தார் அவ்வப்போது என்னை அழைத்து யோசனை கேட்பது வழக்கம். அங்கே கணினிகளுக்குப் புலவர் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த பொதுக் கோப்புக் கணினிக்குக் கபிலர் என்று பெயர். மாணவர்கள் தம் செய்முறைப் பதிவுகளை அதிலேதான் சேமித்து வைப்பார்கள். எதிர்க் கட்டடத்தில் கணினி ஆய்வுக்கூடம். அங்கே முப்பது கணினிகள் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்துக் கணினி ஒன்றிலிருந்து கபிலரை அழைத்தபோது, "அப்பெயருடைய கணினி காணப்படவில்லை" என்ற செய்தி திரையில் தோன்றியது. அலுவலகத்திலிருந்து அழைத்தால் கபிலர் உடனே மறுமொழி தந்தார். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது.

சனிக்கிழமை மாலையில் அந்த ஆய்வுக்கூடக் கணினியின்முன் கடைசியாக அமர்ந்திருந்தவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் எதையோ மாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். "நான் ஒன்றையும் மாற்றவில்லை, ஐயா" என்று அவன் சொன்னது எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டா என்று நிறுத்தி வைத்தார்கள். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். "அங்கே நன்றாக இருக்கின்றது, இங்கேதான் கெட்டிருக்கின்றது, ஆகவே இங்கே இருந்தவனே காரணம்" என்ற வாதம் எனக்கும் பொருத்தமாகவே பட்டது. நானும் தலையசைத்தேன். அவ்வாதத்தில் எங்கே ஓட்டை இருந்தது என்பதை அறியவேண்டுமானால், பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கணினிகள் ஒன்றையொன்று அடைவது பெயரால் அன்று, எண்ணால். அவ்வெண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். பரவலாக வழங்கும் முறையில் அது நான்கு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை அமையும். கபிலரின் எண் 192.168.10.5. இதில் 192.168.10 என்பது அறையைக் குறிக்கும். கடைசியில் நிற்கும் 5 என்பது அவ்வறையிலுள்ள இருக்கையைக் குறிக்கும். அறையின் எண் எங்கே முடிகின்றது என்பதை அறிவிக்க 255.255.255.0 என்று மற்றோர் எண்ணும் கணினியில் எழுதப்பட்டிருக்கும். அதனைச் சப்நெட் மாஸ்க் என்பார்கள். ஓர் அறைக்குள் அடங்கிய கணினிகளின் தொகுதியே சப்நெட். நாம் அதனை உள்வலை என்று கூறலாம். ஓர் உள்வலையிலிருந்து மற்றோர் உள்வலைக்குச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது ரௌட்டர். உங்கள் பாடநூல்கள் திசைவி என்று கூறுவது இதனையே.

எண்களை நினைவில் வைப்பது மனிதருக்குக் கடினம். ஆகவே நாம் பெயர் இடுகின்றோம். பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டறிந்து கொடுக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடுகின்றோம். அவ்வேலையைக் கணினி இரண்டு வழிகளில் செய்யும். ஒன்று கூவி அழைத்தல். மற்றொன்று பதிவேட்டைப் பார்த்தல்.

கூவி அழைத்தல் என்பது வகுப்பறையில் ஆசிரியர் செய்வதுதான். "கபிலர் என்பவர் யார்? உம் எண் யாது?" என்று கணினி தன் அறையிலுள்ள எல்லோரும் கேட்கும்படி வினவும். அப்பெயருக்கு உரிய கணினி எழுந்து தன் எண்ணைச் சொல்லும். 1987-ஆம் ஆண்டின் நெறி ஆவணங்களில் விளக்கப்பட்ட நெட்பயாஸ் முறையும், 2007-ஆம் ஆண்டின் எல்.எல்.எம்.என்.ஆர். முறையும், 2013-ஆம் ஆண்டில் ஆவணமாகிய மல்ட்டிகாஸ்ட் டி.என்.எஸ். முறையும் நுணுக்கங்களில் வேறுபட்டாலும், அறைக்குள் கூவி அழைக்கும் இயல்பில் ஒன்றே. இறுதியாகச் சொன்ன முறையில் கேள்வி 224.0.0.251 என்ற பொது எண்ணுக்கு அனுப்பப்படும். பெயர்கள் 'லோக்கல்' என்ற ஈற்றுடன் வழங்கும்.

இம்முறையில் பெரியதொரு வசதி உண்டு. யாரும் எதையும் எழுதி வைக்க வேண்டுவதில்லை. கணினியைக் கொண்டுவந்து இணைத்தால் போதும். அழைத்தவுடன் பதில் கிடைக்கும். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கூவல் அறையின் சுவரைத் தாண்டாது. ரௌட்டர் பொதுவாக இத்தகைய கூவல்களை அடுத்த உள்வலைக்கு அனுப்புவதில்லை. இது குறையன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஒவ்வொரு வகுப்பிலும் வருகை எடுக்கும் ஓசை பள்ளி முழுவதும் கேட்டால் பாடம் நடக்குமா? அதுபோலவே ஓர் உள்வலையின் இரைச்சல் மற்றொன்றைத் தொல்லைப்படுத்தக் கூடாது. கூவலைக் கேட்டு அடுத்த அறைக்கு எடுத்துச் சொல்லும் சிறப்பு ஏற்பாடுகள் சில உண்டு. அவற்றைத் தனியே அமைத்தாலன்றிச் சுவர் சுவராகவே நிற்கும்.

இனிப் பதிவேட்டுக்கு வருவோம். அடுத்த வகுப்பில் உள்ள மாணவனைக் காண விரும்பினால் நாம் தாழ்வாரத்தில் நின்று கூவுவதில்லை. அலுவலகத்துக்குச் சென்று பதிவேட்டைப் பார்க்கின்றோம். கணினி உலகிலும் இத்தேவை முன்பே உணரப்பட்டது. இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே கோப்பில் எழுதி வைத்தார்கள். அக்கோப்பைப் பேணியது கலிபோர்னியாவில் இருந்த ஸ்டான்ஃபர்டு ஆராய்ச்சிக் கழகத்தின் வலைத்தகவல் நிலையம். அந்நிலையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார். ஒவ்வோர் இடத்தாரும் அக்கோப்பைப் படியெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருகக் கோப்பு வளர்ந்தது. மாற்றங்கள் நாள்தோறும் வந்தன. ஒருவர் வைத்திருந்த படி மற்றவருடையதோடு ஒவ்வாமற் போயிற்று.

இத்தொல்லைக்குத் தீர்வாக 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமையை வகுத்தார். 1987-ஆம் ஆண்டில் அது திருத்தமுற்ற வடிவில் வெளியாயிற்று. இம்முறையில் ஒரே பெரும் பதிவேடு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதியின் பதிவேட்டைத் தானே பேணும். பெயரும் முழுப்பெயராக இருக்கும். "முருகன்" என்றால் எந்த வகுப்பு முருகன் என்ற ஐயம் எழும். "எட்டாம் வகுப்பு ஆ பிரிவு முருகன்" என்றால் ஐயம் இல்லை. அவ்வாறே "கபிலர்" என்பது குறும்பெயர், "கபிலர்.பள்ளி.இன்டர்னல்" என்பது முழுப்பெயர். 'இன்டர்னல்' என்னும் ஈறு, நிறுவனங்கள் தம் உள்ளே வழங்கும் பெயர்களுக்காக 2024-ஆம் ஆண்டில் ஒதுக்கி வைக்கப்பட்டது. 'லோக்கல்' என்ற ஈற்றைப் பதிவேட்டுப் பெயர்களுக்குச் சூட்டலாகாது. அது கூவி அழைக்கும் முறைக்கு உரியதாகிவிட்டது. இரண்டிற்கும் ஒரே ஈற்றை வைத்தால், கணினி கூவுவதா பதிவேட்டைப் பார்ப்பதா என்று தடுமாறும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு பள்ளிக்குத் திரும்புவோம். புதன்கிழமையன்று, வலையமைப்புப் பணியில் உள்ள என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். நான் செய்தியைச் சொன்னேன். அவர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று நாங்கள் காட்டிய கணினியின்முன் அமரவில்லை. அதற்கு அடுத்த கணினியின்முன் அமர்ந்தார். அங்கும் கபிலர் காணப்படவில்லை. மற்றொன்றிலும் காணப்படவில்லை. "ஐயா, முப்பதிலும் இதே நிலைதான் போலும். ஒரு கணினியின்முன் அமர்ந்த பையன் முப்பதையும் எப்படி மாற்றியிருப்பான்?" என்றார். நாங்கள் ஒரே ஒரு கணினியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தோம்! ஒன்றில் குறையா, எல்லாவற்றிலும் குறையா என்று பார்ப்பதே ஆராய்ச்சியின் முதற்படி. அப்படியை நாங்கள் மிதிக்கவே இல்லை.

அடுத்து அவர், "எண்ணைச் சொல்லி அழைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிங் என்றொரு கட்டளை உண்டு. அது ஒரு கணினியின் கதவைத் தட்டிப் பார்ப்பது போன்றது. 192.168.10.5 என்ற எண்ணைக் கொடுத்துத் தட்டினார். நான்கு முறையும் மறுமொழி வந்தது. இதனால் தெளிந்தது யாது? கம்பி நன்று, ரௌட்டர் நன்று, கபிலரும் நன்று. வழியில் குறையில்லை; பெயரில்தான் குறை. வழியின் குறையையும் பெயரின் குறையையும் பிரித்து அறிவது இரண்டாம் படி. பெரும்பாலோர் இங்கேதான் வழுக்கி விழுகின்றார்கள்.

எண்ணைச் சொல்லி அழைத்தும் மறுமொழி வராதிருந்தால் என்ன செய்வது? அப்போது வழியை ஆராயவேண்டும். சப்நெட் மாஸ்க் தவறாக 255.255.0.0 என்று எழுதப்பட்டிருந்தால், ஆய்வுக்கூடக் கணினி கபிலரும் தன் அறையிலேயே இருப்பதாக எண்ணி, ரௌட்டரிடம் செல்லாமல் தன் அறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ரௌட்டரின் எண் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் செய்தி வெளியே போகாது. இவை இரண்டும் சரியாக இருந்தும் மறுமொழி வராமற் போகலாம். ஃபயர்வால் என்னும் காவல், தன் உள்வலையாருக்கு மட்டுமே கதவைத் திறக்கும்படி பல கணினிகளில் அமைந்திருக்கும். ஆகவே மௌனத்தைக் கண்டவுடன் கணினி கெட்டது என்று கூறிவிடலாகாது.

மூன்றாம் படியாக, அவர் பதிவேட்டை நேராகவே வினவினார். அதற்கு என்.எஸ். லுக்அப் என்ற கட்டளை பயன்படும். பிங் பல வழிகளிலும் பெயரைத் தேடும்; இதுவோ பதிவேட்டை மட்டுமே கேட்கும்; எந்தப் பதிவேட்டைக் கேட்டது என்பதையும் சொல்லும். திரையில் இரண்டு செய்திகள் தோன்றின. வினவப்பட்ட பதிவேடு பள்ளிக்கு வெளியே, இணையத்தில் உள்ள ஒரு பொதுப் பதிவேடு. அது தந்த விடை "அப்பெயர் இல்லை" என்பது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "இல்லை" என்ற விடை வேறு; விடையே வராமை வேறு. விடை வராவிட்டால், பதிவேட்டை அடையும் வழியில் குறை என்று பொருள். "இல்லை" என்று வந்தால், பதிவேட்டை அடைந்துவிட்டோம், ஆனால் அப்பெயர் அதில் எழுதப்படவில்லை என்று பொருள். எங்கோ இருக்கும் பொதுப் பதிவேட்டுக்கு நம் பள்ளிக் கபிலரை எவ்வாறு தெரியும்?

"அப்படியானால் அலுவலகத்தில் மட்டும் எப்படிக் கிடைக்கின்றார்?" என்று கேட்டேன். அங்கேயும் என்.எஸ். லுக்அப் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். அங்கும் அதே விடை: "அப்பெயர் இல்லை." அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இந்தப் பள்ளியில் பதிவேடே இல்லை. இத்தனை நாளும் கூவியே காலம் தள்ளியிருக்கிறீர்கள்" என்றார்.

உண்மை அப்போது விளங்கிற்று. முன்னர் இரு கட்டடங்களும் ஒரே உள்வலையாக இருந்தன; எங்கிருந்து கூவினாலும் கபிலருக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் புதிய ரௌட்டர் ஒன்றை வைத்து, அலுவலகத்தை 192.168.10 என்றும், ஆய்வுக்கூடத்தை 192.168.20 என்றும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பிரித்தது நல்ல காரியமே. அலுவலகக் கணக்குகளும் மாணவர் கணினிகளும் ஒரே அறையில் இருப்பது முறையன்று. திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் இணையம் தடையின்றி வந்தது. ஆகவே ரௌட்டரின்மேல் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. நடுவில் ஒரு சுவர் எழும்பியதை மறந்துவிட்டு, சுவருக்கு அப்பால் குரல் கேட்கவில்லையே என்று ஒரு பையனைப் பிடித்துக்கொண்டோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இனிப் பரிகாரம். மிக எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பு இருக்கின்றது. ஆர்ப்பாநெட் காலத்துப் பெருங்கோப்பின் வழித்தோன்றல் அது. அதில் கபிலரின் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டால் அந்தக் கணினிக்கு வேலை முடிந்தது. முப்பது கணினிகளிலும் எழுதிவிடலாமே என்றேன். என் பழைய மாணவர் உடன்படவில்லை. "நாளைக்குக் கபிலருடைய எண் மாறினால் முப்பது கோப்புகளும் பொய் சொல்லும், எழுதியவரும் அப்போது இங்கே இருக்கமாட்டார்" என்றார். ஆர்ப்பாநெட்டார் பட்ட துன்பத்தை ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நாம் மீண்டும் படவேண்டா அன்றோ?

ஆகவே பள்ளிக்கென்று ஒரு பதிவேடு அமைத்தார். புதிய ரௌட்டரிலேயே அதற்கு இடம் இருந்தது. கபிலரின் முழுப்பெயரையும் எண்ணையும் அதில் எழுதினார். கபிலரின் எண் எந்நாளும் மாறாதபடி அதனை ஒதுக்கீடு செய்தார். கணினிகளுக்கு எண் வழங்கும் டி.எச்.சி.பி. என்ற ஏற்பாட்டின் வழியாக, இரு உள்வலைகளுக்கும் இரண்டு செய்திகளை அறிவிக்கச் செய்தார். இனிப் பெயர்களை இப்பதிவேட்டிலே கேளுங்கள் என்பது ஒன்று. குறும்பெயர் மட்டும் சொல்லப்பட்டால் அதன்பின் "பள்ளி.இன்டர்னல்" என்ற ஈற்றைச் சேர்த்துத் தேடுங்கள் என்பது மற்றொன்று. வெளியுலகப் பெயர்கள் கேட்கப்பட்டால், நம் பதிவேடே வெளியிலுள்ள பதிவேட்டை வினவி விடை பெற்றுத் தரும்.

இதன்பின்னும் இரண்டு சிறு தடைகள் நேர்ந்தன. முன்பு "இல்லை" என்று விடை பெற்ற கணினி, புதிய பதிவேடு வந்தபின்னும் "இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கணினிகள் கிடைத்த விடைகளைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். "இல்லை" என்ற விடையையும் அவ்வாறே வைத்திருக்கும். அந்நினைவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்ததும் அது தெளிந்தது. மற்றொரு கணினியிலோ கபிலர் ஒரு சமயம் கிடைத்தார். ஒரு சமயம் கிடைக்கவில்லை. ஆராய்ந்ததில், "இருக்கட்டும், பாதுகாப்பாக" என்று யாரோ வெளியிலுள்ள பொதுப் பதிவேட்டையும் இரண்டாவதாக அதில் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. முதற் பதிவேடு சற்றுத் தாமதித்தால் கணினி இரண்டாவதைக் கேட்கும். அதுவோ கபிலரை அறியாது. "இல்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்லும் இரண்டு பதிவேடுகளை ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாகாது. இரண்டு வேண்டுமாயின் இரண்டிலும் ஒன்றே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

அன்று மாலையே அந்த மாணவனை வரச்சொன்னேன். நிர்வாகத்தார் முன்னிலையில், "தம்பி, பிழை எங்களுடையது. நானும் அதில் உடன்பட்டேன்; என்னைப் பொறுத்துக்கொள்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "மற்றக் கணினிகளிலும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று திங்கட்கிழமையே நினைத்தேன், ஐயா. யாரும் என்னைப் பேசவிடவில்லை" என்றான். மூன்று நாள் கழித்து நாங்கள் அறிந்ததை அவன் முதல் நாளே அறிந்திருந்தான். ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறியின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கும் வேலையை என் பழைய மாணவர் அவனிடம் கொடுத்தார். அவன் எழுதி முடித்து, அலுவலகத்திலிருந்து அப்பெயரை அழைத்துப் பார்த்தான், மறுமொழி வந்தது.

மாணவர்களே, இத்தகைய குறை நேர்ந்தால் செய்யவேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். ஒரு கணினியிலா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். எண்ணைச் சொல்லி அழைத்து வழியைச் சோதியுங்கள். எந்தப் பதிவேட்டைக் கேட்கின்றோம் என்பதை அறிந்து, அதனை நேரில் வினவுங்கள். "இல்லை" என்ற விடையையும் மௌனத்தையும் பிரித்து அறியுங்கள். முழுப்பெயரால் அழைத்துப் பாருங்கள். பழைய நினைவை அழித்துப் பாருங்கள். அண்மையில் மாறியது யாது என்று எல்லோரையும் கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனையும் கேளுங்கள்.

நம் குரல் எட்டாத இடத்தில் ஒருவர் இருப்பதாலேயே அவர் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். குரல் எட்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கபிலர் மூன்று நாளும் தம் இடத்திலேயே, தம் எண்ணோடு, யார் தட்டினாலும் திறக்கக் காத்துக்கொண்டுதான் இருந்தார். தட்டிப் பார்க்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.